வெம்மையில் உறைவதும் குளிரில் உறைவதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

விஞ்ஞானத்தைப் பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, நான் சந்திரனைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். தோலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அவர் முகம் சற்றே மாறிற்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு இந்து சங்கத்து மேடையில் எதைப் பேசுவது என்று தெரியவில்லை என அவர் நினைத்திருந்தாலும் குற்றமில்லை. ஆயினும், யானைத்தோலைப் போர்த்துப் புலித்தோலை அரையில் கட்டி, தோல் பூட்டிய உடுக்கையைக் கையில் ஏந்தி ஆடுகின்ற பெருமானை வணங்குகிற நாம் தோல் என்ற சொல்லைக் கேட்டு முகஞ் சுளிக்கலாமா? நமது அம்மன் கோயில்களில் உடுக்கு ஒலிக்காத சடங்கு உண்டா? அந்த உடுக்குக்குத் தோல் பதனிட்டவரை வெளியே நிறுத்திவிட்டு உடுக்கை மட்டும் உள்ளே எடுத்த காலத்தைப் பெரியோர்கள் அறிவார்கள். அது தனியே ஓர் உரைக்குரிய விஷயம். இன்று அதற்குள் நான் போகவில்லை.

மேசை மீது இரண்டு கிண்ணங்களை வைத்திருக்கிறேன். ஒன்றில் இருப்பது கடற்பாசி. சாய்ந்தமருதிலுள்ள என் நண்பனுடைய உம்மா காய்ச்சி அனுப்பியது. மற்றதில் இருப்பது கடையில் வாங்கிய ஜெலித் தூளை நான் கரைத்து நேற்றிரவு குளிர்ப்பெட்டியில் வைத்து உறையச் செய்தது. ஜெலற்றினால் செய்தது என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. இரண்டும் இப்போது ஒன்றுபோலவே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அவை அப்படியே இருக்கட்டும். பேச்சு முடிகிறபோது பார்ப்போம்.

இந்தப் பொருளை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் என் அம்மம்மா. சென்ற கந்தசஷ்டியின் முதல் நாள், வயிற்றெரிவுக்கு டாக்குத்தர் கொடுத்த கப்சூலைக் கையில் வைத்துக்கொண்டு, "மனே, இந்தக் கூடு என்னத்தால செஞ்சது? நாக்கில ஒட்டுது" என்று கேட்டார். நான் ஏதோ அவசரத்தில், "அது மாட்டுத் தோலோ பன்றித் தோலோ அம்மம்மா, ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்துவிட்டுப் போனேன். ஆறு நாளும் அவர் அந்தக் கப்சூலைத் தொடவில்லை. விரதமும் வயிற்றெரிவும் சேர்ந்து அவர் பட்ட பாட்டைப் பாரணைக்குப் பிறகுதான் அறிந்தேன். அதே ஆண்டு நோன்புக் காலத்தில் என் சாய்ந்தமருது நண்பனும் ஒன்று கேட்டிருந்தான். "மச்சான், நோன்பு திறக்கிற நேரம் ஆரோ குடுத்த ஜெலிய உம்மா தொடவேயில்ல. அது எதால செஞ்சதெண்டு நீ படிச்சிருப்பாய்தானே?" அவனுக்கும் நான் ஒழுங்கான விடை சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இன்று இச்சபையில் சொல்ல முயல்கிறேன்.

தோலுக்கும், எலும்புக்கும், தசையை எலும்போடு கட்டுகிற வெண்ணிறத் தசைநாணுக்கும் உறுதியைக் கொடுப்பது கொலாஜன் என்னும் புரதம். நமது உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேற்பட்டது இதுவே. பசையைப் பிறப்பிப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் வந்தது. நமது தச்சர்கள் முன்னாளில் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைக் கொண்டுதான் பலகையை ஒட்டினார்கள். ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கட்டியாக நிற்பதைப் பார்த்தவர்களும் இச்சபையில் இருப்பீர்கள். யாரென்று நான் கேட்கமாட்டேன். காய்ச்சினால் பசையாகிற பொருள் என்று இதை உலகம் நெடுங்காலமாக அறியும். காய்ச்சாமல் கரைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விதான் பிந்தி எழுந்தது.

இதை நான் ஆய்வுகூடத்தில் கண்ணாரப் பார்த்தேன். எலிவாலிலிருந்து எடுத்த தசைநாண்கள் பட்டு நூல் போல வெண்மையாக மின்னும். நாம் அச்சாறுக்கு விடுகிற வினாகிரியிலும் மெலிந்த அசற்றிக் அமிலத்தில் அவற்றை இட்டு, 4 பாகைக் குளிரில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். நூல்கள் முதலில் ஊதும், பிறகு மறையும். எஞ்சுவது முட்டை வெள்ளைக்கரு போலத் தடித்த, தெளிவான ஒரு திரவம். அதற்குள் நாரென்று ஒன்றுமில்லை. ஆனால் தனித்தனிக் குச்சிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு குச்சியும் ஒரு மூலக்கூறு. நீளம் ஏறக்குறைய 300 நனோமீற்றர். தடிப்பு ஒன்றரை நனோமீற்றர். மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறே நனோமீற்றர். தடிப்பைப்போல் 200 மடங்கு நீளம் என்றால், நம் வீட்டு விளக்குமாற்று ஈர்க்கை எண்ணிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அந்த அளவுதான். இந்தக் குச்சிகளே நாருக்கு அடிப்படையான அலகு என்று 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குறொஸ், ஹைபேர்கர், சிமித் என்னும் மூவர் எழுதி, அதற்குத் திரோப்போகொலாஜன் என்று பெயரும் இட்டார்கள்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். குளிரிலேயே வைத்து அந்தத் திரவத்தின் புளிப்பை நீக்கி, உடம்பில் உள்ள அளவுக்கு உப்பும் சேர்த்தால், அது தெளிவாகவே இருக்கிறது. அதே குழாயை 37 பாகை வெந்நீரில், அதாவது நமது உடற்சூட்டில், நிறுத்தினால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் பரிசோதனை பிழைத்துவிட்டது என்றே நினைத்தோம். பிறகு கண்ணுக்கு முன்னே மெல்லப் பாலாடுகிறது. சிறிது நேரத்தில் குழாயைக் கவிழ்த்தாலும் விழாத வெண்கட்டியாகிறது. அந்தக் கட்டியில் ஒரு துளியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் மறைந்த நார் மீண்டும் தெரிகிறது. வெறும் நாரன்று, 67 நனோமீற்றருக்கு ஒரு வரி வீதம் குறுக்கே வரியோடிய நார். உயிருள்ள எலியின் வாலில் இருந்ததும் இதே வரியோடிய நார்தான்.

எந்தத் தறியும் இல்லை; நெய்கிறவரும் இல்லை. மருதமுனையில் ஒரு சாரம் நெய்வதற்கு எத்தனை கை வேலை இருக்கிறது என்பதை அறிந்த எனக்கு இது பெரும் வியப்பாக இருந்தது. ஒழுங்கு முழுவதும் அந்தக் குச்சிகளுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு குச்சியும் பக்கத்துக் குச்சியோடு முனைக்கு முனை சமமாக நில்லாமல், 67 நனோமீற்றர் தள்ளியே நிற்கிறது. செங்கல் அடுக்குகிறவர் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் தள்ளி வைப்பதைப் போல. குச்சியின் நீளம் 67இன் சரியான மடங்கன்று. நாலரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆதலால் ஒரு குச்சியின் வாலுக்கும் அடுத்ததன் தலைக்கும் இடையே சிறு வெளி விழுகிறது. அந்த வெளிகளே வரியாகத் தெரிகின்றன. இந்தக் கணக்கை 1963ஆம் ஆண்டில் ஹொட்ஜ், பெத்ருஸ்கா என்னும் இருவர் தெளிவாக்கினார்கள். எலும்பில் சுண்ணாம்பு உப்பு முதலிற் படிவதும் இவ்வெளிகளில்தான்.

குளிரில் கரைந்தும் சூட்டில் உறைந்தும் நிற்பது உலக வழக்கத்துக்கு மாறல்லவா? நெய்யும் தேங்காயெண்ணெயும் குளிரில்தான் உறைகின்றன. இதற்கு விடை குச்சியில் இல்லை. சுற்றியிருக்கும் நீரில் இருக்கிறது. தனியே மிதக்கும் குச்சியின் மேல் எண்ணெய்க் குணமுள்ள சில இடங்கள் உண்டு. நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்து வரிசை பிடித்து நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு குச்சிகள் அணைந்துகொண்டால் இடையில் நின்ற நீர் விடுபட்டுத் தன் போக்கில் ஓடுகிறது. சூடு ஏற ஏற, கட்டுண்டு நிற்பதை விட்டு ஓடவே நீருக்கு நாட்டம் மிகும். ஆகவே குச்சிகள் ஒழுங்காகச் சேர்வதற்கு நீரின் கட்டவிழ்ப்பே விலையாக அமைகிறது. புதிதாக உறைந்த கட்டியை உடனே குளிரவைத்தால் பெரும்பகுதி மீண்டும் கரைந்துவிடும். நாட்பட விட்டால் கரையாது. இதுவும் குறொஸ் கண்டதே. அவரும் கூட்டாளிகளும் இன்னொன்றும் காட்டினார்கள். அதே கரைசலில் உப்புக்குப் பதிலாக வேறு சில பொருள்களைச் சேர்த்தால் வேறு வரி, வேறு வடிவம் கொண்ட இழைகள் உண்டாகின்றன. அவற்றைக் கரைத்து மறுபடி பழைய வரி நாராகவும் ஆக்கலாம்.

உடற்சூட்டில் தானே உறைகிற இந்தப் பொருள் அதைச் செய்கிற உயிர்க்கலத்தின் உள்ளேயே உறைந்துவிட்டால் என்ன கதி? அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கலம் குச்சியின் இரு முனையிலும் ஒரு தொங்கலைச் சேர்த்தே வெளியே அனுப்புகிறது. வெளியே வந்தபின் நொதியங்கள் அவற்றை வெட்டுகின்றன. அதன் பின்னரே குச்சிகள் நாராகச் சேரும். வெட்ட வேண்டிய நொதியம் இல்லாமற் பிறந்த கன்றுகள் 1960களில் பெல்ஜியத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. தொட்டால் கிழியும் தோல் அவற்றுக்கு. தேசிக்காயிலும் நெல்லியிலும் உள்ள விற்றமின் சி குறைந்தால் முரசு கரைந்து இரத்தம் வடிவதும் கொலாஜன் கெடுவதனால்தான்.

இந்தக் குச்சியின் உள்ளமைப்பு என்ன? இதற்கு விடை கண்ட இடம் நமக்கு அக்கரையிலுள்ள சென்னை. 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார், சி. வி. இராமனின் மாணவராகிய ஜி. என். இராமச்சந்திரனைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தார். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. அந்த நாட்களில் அங்கு வந்த இங்கிலாந்து அறிஞர் பேர்னால், கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட அமைப்புகள் ஒன்றும் மனத்துக்குப் பிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே அடையாற்றில் இருந்தது. அதன் வழியாகக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. மிகத் தூய கொலாஜன் அது. கோபிநாத் கர்த்தா என்பவரோடு சேர்ந்து அதில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் பிடித்து, கம்பியும் உருண்டையும் கொண்டு மாதிரிகள் கட்டி, 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள். மூன்று புரி!

ஒவ்வொரு குச்சியும் மூன்று நீண்ட சங்கிலிகளால் ஆனது. ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன். ஏன் மூன்றுக்கு ஒன்று? மூன்று சங்கிலிகளும் முறுகும்போது நடுவில் எஞ்சும் இடம் மிக ஒடுக்கம். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசீன் மட்டுமே அங்கு அடங்கும். முப்புரி நூல் அணிகிற நாட்டில் முப்புரி கண்டுபிடிக்கப்பட்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது என்று எண்ணி நான் சிரித்துக்கொள்வதுண்டு.

ஆனால் அந்த முதல் விடை முழுவதும் சரியன்று. 1954இல் சொன்ன மூன்று புரிகளும் முறுகாமல் பக்கம் பக்கமாக நேரே நின்றன. 1955இல் அவர்களே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுகுவதாகக் காட்டினார்கள். கயிறு திரிக்கிறவர் புரியை ஒரு பக்கம் முறுக்கிவிட்டு, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவாரே, அதே முறை: ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் சுழல, மூன்றும் கூடி வலப்பக்கம் சுழல்கின்றன. கேம்பிரிட்ஜிலிருந்து கிறிக்கும் றிச்சும் அதே ஆண்டில் குறுக்கிட்டார்கள். முப்புரி சரி, ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கத் தகாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றார்கள். இரண்டு பிணைப்பு என்று சென்னை சொன்ன இடத்தில் ஒன்றே என்பது அவர்கள் கணக்கு. பெயர் பெற்ற கூடம், பெயர் பெற்ற மனிதர்கள். வேறொருவர் வாயடைத்துப் போயிருப்பார், அல்லது வெறும் வாதத்தில் இறங்கியிருப்பார். இராமச்சந்திரன் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை அக்காலத்தில் தெரிந்த பளிங்குகளிலிருந்தெல்லாம் திரட்டத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் இருவரோடு 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளையலாம், எதில் வளைய முடியாது என்பதைக் காட்டுகிறது. இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டாலும் இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுச் சரிபார்த்தே ஏற்கிறார்கள். பிணைப்பு வழக்கு 1994இல்தான் தீர்ந்தது. கொலாஜனை ஒத்த சிறு சங்கிலியின் பளிங்கைப் பார்த்தபோது நேரான பிணைப்பு ஒன்றே காணப்பட்டது. கேம்பிரிட்ஜ் வென்றது. ஆயினும் நீர் மூலக்கூறு இடையில் நின்று பாலம் போடும் பிணைப்புகளும் அங்கே இருந்தன. அப்படி இருக்கலாம் என்று 1968இல் இராமச்சந்திரன் எழுதியிருந்தார். 2001இல் அவர் சென்னையில் காலமானார். எங்கள் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு வரியில் வருகிறது.

இப்போது அம்மம்மாவின் கப்சூலுக்கு வருகிறேன்.

முப்புரிக்கு ஓர் எல்லை உண்டு. கரைசலில் உள்ள மாட்டுக் கொலாஜனை 40 பாகைக்கு அண்மையில் சூடேற்றினால் மூன்று சங்கிலிகளும் அவிழ்ந்து தனித்தனியே சுருளும். நாராகக் கூடியிருந்தால் அது 60 பாகைக்கு மேலும் தாங்கும். தனிக் குச்சி நமது உடற்சூட்டிலேயே மெல்ல அவிழத் தொடங்கும் என்று 2002இல் காட்டியிருக்கிறார்கள். நாரில் அடைந்திருப்பதால்தான் அது பிழைக்கிறது. குளிர்ந்த கடல் மீனின் கொலாஜன் இதிலும் மிகக் குறைந்த சூட்டில் அவிழும். மீன் சட்டியில் உடனே பிரிவதும் இறைச்சி நெடுநேரம் வேக வேண்டியிருப்பதும் இதனோடு சேர்ந்த விஷயம்.

அவிழ்ந்த சங்கிலிக்குப் பெயர் ஜெலற்றின். இதை ஆறவிட்டால் சங்கிலிகள் பழைய துணையைத் தேடுகின்றன. ஆனால் கண்ட கண்ட சங்கிலியோடு இங்கே ஒரு துண்டும் அங்கே ஒரு துண்டுமாக முப்புரி முறுகி, ஒரே வலையாகச் சிக்கிக்கொள்கின்றன. நீர் அந்த வலைக்குள் அகப்படுகிறது. ஜெலி என்பது அதுதான். ஒன்றே பொருள், பதமாகக் கரைத்தால் வெம்மையில் உறைந்து நாராகிறது, கொதிக்கவைத்தால் குளிரில் உறைந்து கூழாகிறது. கூழிலிருந்து அந்த வரியோடிய நாருக்குத் திரும்ப வழியில்லை.

ஆகவே "இது தோலா?" என்று அம்மம்மா கேட்டால் நான் சொல்ல வேண்டிய விடை இது: தோலின் நார் அழிந்துவிட்டது, ஆனால் சங்கிலி அந்த மிருகத்தின் சங்கிலியே. கப்சூல் கூட்டுக்கான ஜெலற்றினைப் பன்றித் தோலிலிருந்தும், மாட்டுத் தோலிலிருந்தும், எலும்பிலிருந்தும், சிறிதளவு மீனிலிருந்தும் எடுக்கிறார்கள். தூளைப் பார்த்தோ சுவைத்தோ எதுவென்று சொல்ல முடியாது. ஆனால் சங்கிலியைத் துண்டாக்கித் திணிவுமானி என்னும் கருவியில் நிறுத்தால் பன்றிக்கும் மாட்டுக்கும் உள்ள சிறு வேறுபாடு தெரிந்துவிடும். காய்ச்சியும் அழியாத அடையாளம் அது. தாவரத்தின் செலுலோசிலிருந்து செய்த கப்சூல் கூடுகளும் உண்டு. பெட்டியில் எழுதியிருந்தால் வாசிக்கலாம். இல்லையேல் மருந்துக் கடையில் கேட்கலாம். கூடில்லாத குளிசையாக அதே மருந்து கிடைக்குமா என்று டாக்குத்தரிடம் கேட்கலாம். கேட்காமல் மருந்தை நிறுத்தவும் கூடாது. கூட்டைப் பிரித்து மருந்தைக் கொட்டிக் குடிக்கவும் கூடாது, சில மருந்துகள் அதனால் கெடும். விரதத்துக்கு இது ஆகுமா என்பதைச் சமயம் அறிந்த பெரியோர்கள் சொல்லட்டும். ஹலாலா என்பதை உலமாக்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால் பொருள் இன்னதென்று சரியாகச் சொல்வது என்னைப் போன்றவர்களின் வேலை. அதை நான் அன்று செய்யவில்லை.

அம்மம்மாவை டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். கூடில்லாத குளிசை இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார். இவ்வருஷச் சஷ்டிக்கு அம்மம்மாவுக்குக் கஷ்டம் இராது.

மேசையைப் பாருங்கள். இந்த மண்டபத்தின் சூடு 31, 32 பாகை இருக்கும். ஜெலியின் ஓரம் இளகிக் கிண்ணத்தில் நீர் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் முப்புரித் துண்டுகள் இந்தச் சூட்டிலேயே அவிழ்கின்றன. கடற்பாசி வெட்டிய விளிம்போடு அப்படியே நிற்கிறது. அது கடல் தாவரத்திலிருந்து வருவது, புரதமே அன்று. உருக வேண்டுமானால் 85 பாகை அளவு சூடு வேண்டும். நோன்புக் காலத்தில் யாராவது ஒரு கிண்ணம் கொடுத்தால், உச்சி வெயில் நேரத்தில் அரை மணி நேரம் மேசையில் வைத்துப் பாருங்கள். இளகினால் பெரும்பாலும் ஜெலற்றின். இளகாமல் நின்றால் பெரும்பாலும் அது ஜெலற்றின் அல்ல. வேறு தாவரப் பசைகளும் கடைக்கு வருகின்றன. ஆதலால் பெட்டியையும் வாசியுங்கள்.

கடற்பாசியை அனுப்பிய உம்மாவுக்குச் சங்கத்தின் சார்பில் என் நன்றி. அது இருபது துண்டுக்கு மேல் வராது. முன் வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிறேன்.